முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு வாரம்

மத்தியதரைக் கடலோரமாக ஒரு வாரம் கார் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று பேச்சு வந்தபோது வீட்டில் ஆளுக்கொரு கடற்கரை இருந்தது. லண்டனில் இருக்கும் தங்கைக்கு இத்தாலியின் அமால்ஃபி. மாப்பிள்ளைக்குக் குரோவேஷியா. என் மனைவிக்கு நீஸ், மொனாக்கோ பக்கம். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு, போனில் நீலமாகத் தெரியும் எந்த இடமும் சம்மதம். அம்மா மட்டும், "எங்க வேணா போங்க, ஆனா ராத்திரி படுக்கிற இடத்தைத் தினம் தினம் மாத்தாதீங்கப்பா" என்றார். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் திட்டம் முழுக்க அந்தப் பேச்சைச் சுற்றித்தான் அமைந்தது.

முதலில் மூன்று கடற்கரைகளையும் வரைபடத்தில் அளந்து பார்த்தேன். அமால்ஃபியின் எஸ்எஸ்163 சாலை மொத்தமே ஐம்பது கிலோமீட்டர்தான். அதிலும் சீசனில் வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் அனுமதிக்கும் முறை கொண்டுவந்திருக்கிறார்கள். நீஸிலிருந்து மென்டன் வரை மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சாலைகள் ஓடுகின்றன. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் முப்பது கிலோமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு வாரம் என்ன செய்வது? குரோவேஷியாவுக்காக மாப்பிள்ளை நன்றாகவே வாதாடினார். 2022இல் பெலியெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு, நடுவில் போஸ்னியா எல்லைக்குள் புகுந்து வெளியே வரும் தொல்லை இல்லாமல் துப்ரோவ்னிக் வரை போய்விடலாம். எனக்கும் ஆசைதான்.

ஆனால் முடிவு செய்தது விசா. தங்கையைப் பார்க்கப் போவதற்காக எங்கள் எல்லோர் கையிலும் பிரிட்டன் விசா இருந்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இல்லை. குரோவேஷியாவும் 2023 ஜனவரியில் ஷெங்கனுக்குள் போய்விட்டது. அம்மாவை மறுபடி ஒருமுறை கைரேகை வைக்க வரிசையில் நிறுத்த எனக்கு மனமில்லை. மிஞ்சியது துருக்கி. செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் விசாக்களில் ஏதாவது ஒன்றோ, அந்த நாடுகளில் குடியிருக்கும் அனுமதியோ இருந்தால், இந்திய பாஸ்போர்ட்டுக்காரர்கள் வீட்டிலிருந்தபடியே இ-விசா எடுத்துவிடலாம். 30 நாள், ஒரே ஒரு நுழைவு. இந்த 'ஒரே ஒரு' என்பதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு தீவு வரும்போது வேலைக்கு ஆகும். விண்ணப்பிக்கும்போது அது அரசாங்கத் தளம்தானா என்று இரண்டு முறை பாருங்கள். பார்க்க அதே மாதிரி இருக்கும் தரகர் தளங்கள் நிறைய உண்டு.

துருக்கியின் தென்மேற்கு மூலையில் ஃபெத்தியேவுக்கும் அந்தால்யாவுக்கும் நடுவே நிலம் கடலுக்குள் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த வயிற்றுப் பகுதிதான் பண்டைக் காலத்தில் லிசியா என்று அழைக்கப்பட்ட நாடு. டாரஸ் மலைகள் நேராகக் கடலில் வந்து இறங்குவதால் சமவெளி என்பதே அங்கங்கே ஒரு கைப்பிடிதான். மேற்கே தாத்சாவில் தொடங்கி ஈரான் எல்லை வரை போகும் டி400 நெடுஞ்சாலை இந்த மலைக்கும் கடலுக்கும் இடையே நெளிந்து நெளிந்து போகிறது. ஃபெத்தியேவிலிருந்து அந்தால்யாவுக்கு இந்தக் கடலோர வழியில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அவசரக்காரர்களுக்கு மலைக்குப் பின்னால் கோர்குதெலி வழியாக 200 கிலோமீட்டரில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரலாம். எங்கள் திட்டமோ, மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய ஊருக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வது.

முந்நூறு கிலோமீட்டர் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் கை துறுதுறுத்தது. "அவ்வளவுதானா அண்ணா? அப்ப பாமுக்கலேவையும் சேத்துக்கலாமே" என்றாள் தங்கை. மகளுக்குக் கப்படோக்கியாவில் பலூன் ஏற வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்புப் படிகளில் நீர் தேங்கி நிற்கும் பாமுக்கலே ஃபெத்தியேவிலிருந்து உள்ளே மூன்று மணி நேரம்; போய்வர ஒரு பகல் காலி. கப்படோக்கியா அந்தால்யாவிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர்; அது தனிப் பயணம். இரண்டையும் வெட்டினேன். மகள் அன்று ராத்திரி என்னோடு பேசவில்லை. ஒரு வாரப் பயணத்தை நாசமாக்குவது பெரும்பாலும் இந்த 'அதையும் சேத்துக்கலாம்'தான் என்பது என் கட்சி. கடலோரம் போகிறேன் என்று கிளம்பிவிட்டு, வாரத்தில் பாதியை உள்நாட்டு நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் எண்ணிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, எந்தத் திசை. இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முதல் கேள்வி. துருக்கியில் வண்டி சாலையின் வலப்பக்கம் போகும். மேற்கிலிருந்து கிழக்கே, அதாவது ஃபெத்தியேவிலிருந்து அந்தால்யாவுக்குப் போனால், கடல் கடைசி வரை வலப்பக்கம்தான். ஆகவே நீங்கள் கடலை ஒட்டிய தடத்தில் இருப்பீர்கள். வண்டி நிறுத்திப் பார்க்கும் இடங்களுக்கு எதிரே வரும் லாரியைத் தாண்டித் திரும்ப வேண்டியதில்லை, அப்படியே ஒதுங்கினால் போதும். மாறாக, பக்கத்தில் பள்ளத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும் ஆள் உங்களோடு இருந்தால், அந்தால்யாவில் தொடங்கி மேற்கே போங்கள். மலைச்சுவர் ஓரமாகவே போய்விடலாம். நாங்கள் கிழக்கே போனோம். ஸ்டீயரிங் இடப்பக்கம் என்பதால் விளிம்பில் உட்காருவது ஓட்டுபவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர். காஷ் ஊருக்கு முன்னால் வரும் கப்புதாஷ் வளைவில் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "நீங்க ரோட்டைப் பாருங்க, கடலை நான் அப்புறம் போட்டோல பாத்துக்கிறேன்" என்றாள்.

தேதியைப் பொறுத்தவரை, ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் வெயில், ஐரோப்பா முழுக்க அங்கேதான் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நம் கோடை விடுமுறையின் மே மாதம் அருமையாகப் பொருந்தும், ஆனால் கடல் இன்னும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். நாங்கள் தேர்ந்தெடுத்தது அக்டோபர் தொடக்கம். கோடை முழுக்கக் காய்ந்த கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் கலையத் தொடங்கியிருக்கும். ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும்: துருக்கி 2016 முதல் வருடம் முழுக்க ஒரே கடிகாரத்தில் ஓடுகிறது, நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நாட்டின் மேற்கு ஓரத்தில் அதன் விளைவு, அக்டோபரில் காலை ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது, மாலை ஆறரைக்கெல்லாம் வெளிச்சம் போய்விடுகிறது. மலைச்சாலையை இருட்டில் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டால், ஒரு நாளில் உங்கள் கையில் இருப்பது பதினோரு மணி நேரம்தான். மதியச் சாப்பாடு, குளியல், பூனைகளைக் கொஞ்சும் நேரம் எல்லாம் அதற்குள்ளேதான். அங்கே தெருவுக்குத் தெரு பூனை, ஊராரே சோறு வைக்கிறார்கள். மகளை அவற்றிடமிருந்து பிய்த்து எடுக்கவே தனி நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

இனி அம்மாவின் நிபந்தனை. பார்க்க வேண்டிய இடங்களை எழுதிவிட்டு அதற்கேற்ப விடுதி தேடுவதுதான் வழக்கம். நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் இரவுகள். ஃபெத்தியேவில் இரண்டு, காஷில் மூன்று, சிராலியில் ஒன்று, அந்தால்யாவில் ஒன்று. இந்த நான்கு ஊர்களையும் எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் என்ன இருக்கிறதோ அது மட்டும் எங்களுடையது, மற்றது மற்றவர்களுடையது என்று வைத்துக்கொண்டேன். சாலையோரம் முழுக்கப் பழுப்புநிறப் பலகைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழைய நகரத்துக்கு வழி காட்டும். பினாரா, த்லோஸ், சிதிமா, அபெர்லாய் என்று போய்க்கொண்டே இருக்கும். பண்டைய லிசியக் கூட்டமைப்பில் 23 நகரங்கள் இருந்ததாகப் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பலகை காட்டும் பக்கமெல்லாம் திரும்பினால் 23 கல்மேடுகளைப் பார்த்துவிட்டு, கடலில் காலே நனைக்காமல் வீடு திரும்பலாம். ஒரு நாளுக்கு ஒரு பழுப்புப் பலகை என்று சட்டம் போட்டோம். மாப்பிள்ளை அதை ஒரே ஒரு முறை மீறினார், அதுவும் நல்ல காரணத்துக்காக.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஆறு பேர், பெட்டிகள். ஒன்பது பேர் ஏறும் வேன் ஒன்று எடுத்தால் எல்லோரும் ஒன்றாகப் போகலாம். துருக்கியில் அந்த வகை வண்டிகள் சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் காஷின் சந்துகளிலும் கடலோரக் கிராமங்களிலும் அதைத் திருப்புவதை நினைத்துப் பார்த்தேன். இரண்டு சின்ன கார்கள் என்று முடிவானது. ஒன்றில் மலை ஏறுகிறவர்கள் போகட்டும், இன்னொன்றில் முழங்கால் வலிக்காரர்கள் டீ குடிக்கட்டும். இரண்டு வண்டி இருந்தால் வாயும் வயிறும் வேறுவேறாக இருக்கும் ஆறு பேர் ஒரு வாரம் சண்டையில்லாமல் போகலாம். நான் ஆட்டோமேட்டிக் எடுத்தேன். சாலையும் மாறி, ஸ்டீயரிங்கும் மாறி, கியரை வேறு வலக்கையில் போட வேண்டும் என்றால் மூளைக்கு வேலை அதிகம். ஆட்டோமேட்டிக் வண்டிகள் குறைவு, வாடகையும் அதிகம், முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது தினவாடகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. சில இடங்களில் அது வாடகையில் பாதிக்கு வந்துவிடும். கிரெடிட் கார்டு ஓட்டுநர் பெயரில் இருக்க வேண்டும், அதில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். 'முழுக் காப்பீடு' என்று எழுதியிருந்தாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் பெரும்பாலும் அதில் வராது. மண்பாதையில் இறங்க நினைப்பவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் செல்லும். வண்டியை வாங்கும்போது நான்கு பக்கமும், கூரையும், சக்கர ரிம்மும் நிதானமாக வீடியோ எடுங்கள். கொடுக்க வந்த பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

சுங்கத்துக்கு எச்ஜிஎஸ் என்று கண்ணாடியில் ஒட்டிய பட்டை இருக்கும், நம் ஃபாஸ்டேக் போலத்தான். இந்தப் பாதையில் அதற்குப் பெரிய வேலையில்லை. ஊருக்குள் 50, வெளியே இருவழிச் சாலையில் 90, நடுவே தடுப்பு உள்ள சாலையில் 110 என்பது கார்களுக்குப் பொதுவான வேக வரம்பு. கேமராக்கள் உண்டு, அபராதம் வாடகை நிறுவனம் வழியாக உங்கள் கார்டுக்கு வந்து சேரும். உண்மையில் 90இல் போவது எங்கே? காஷ் பக்கம் பாதி நேரம் நாற்பதைத் தாண்ட முடியாது. கூகுள் சொல்லும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூகுளுக்கு ஆரஞ்சுச் சாறு குடிக்க ஆசை வராது.

லண்டனிலிருந்து தாலமானுக்கு நேர் விமானம், நாலு மணி நேரம். இறங்கும்போது இருட்டிவிடும் என்று தெரிந்ததால் காரை மறுநாள் காலை ஃபெத்தியேவில் விடுதிக்கே கொண்டுவரச் சொல்லியிருந்தேன். விமான நிலையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டரும் டாக்ஸி. புது நாட்டில், மாறிய பக்கத்தில், முதல் ஓட்டத்தை ராத்திரியில் வைத்துக்கொள்வது வீண் வம்பு.

ஃபெத்தியேவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நல்ல மீன் சந்தை, பெரிய துறைமுகம். பக்கத்தில் ஓலுதெனிஸ், சுற்றுலாச் சுவரொட்டிகளில் வரும் அந்த நீலக் காயல் அதுதான். அதற்கு மேலே 1,969 மீட்டர் பாபாதாவ் மலை. அங்கிருந்து பயிற்றுநரோடு சேர்ந்து பாராகிளைடரில் குதிக்கலாம். பலூனுக்குப் பதிலாக இதை மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மேலே ஏறிய பிறகு அவள் பின்வாங்கிவிட்டாள், மாப்பிள்ளை குதித்தார். தங்கை கீழே நின்று அண்ணாந்து பார்த்து, இந்த வாரம் முழுக்கச் சொல்வதற்கான திட்டை எல்லாம் அப்போதே சொல்லி முடித்துவிட்டாள்.

எனக்கு அந்தப் பக்கத்தில் மனதில் நின்றது கயாக்கோய். மலைச்சரிவு முழுக்கக் கூரையில்லாத கல்வீடுகள், சில நூறு இருக்கும். 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது இங்கே இருந்த கிரேக்க ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 1957 நிலநடுக்கம் மிச்சத்தையும் உலுக்கியது. அடுப்படி மாடங்களும் சுவரில் கொஞ்சம் நீலச் சாயமும் இன்னும் இருக்கின்றன. வெயிலுக்கு முன் போய்விட வேண்டும், நிழலே கிடையாது.

ஃபெத்தியேவிலிருந்து காஷுக்கு 107 கிலோமீட்டர். அந்த ஒரு ஓட்டத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்கியிருந்தேன், ஏனென்றால் வழியில் பதாரா இருக்கிறது. 18 கிலோமீட்டர் நீள மணல்கரை, பின்னால் மணற்குன்றுகள். பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடும் இடம் என்பதால் கரையில் ஒரு கட்டடம் கிடையாது, சீசனில் இரவு நேரத்தில் உள்ளே விடுவதும் இல்லை. கடற்கரைக்குப் போகும் வழியே பழைய நகரத்தின் நடுவேதான். ஒரே சீட்டில் இரண்டும். அங்கே லிசியக் கூட்டமைப்பின் சபை கூடிய மண்டபத்தைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள், அரைவட்டமாகக் கல்படிகள். பெரிய நகரத்துக்கு மூன்று வாக்கு, நடுத்தரத்துக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று என்று அளந்து கொடுத்த சபை. அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பற்றி வாதம் நடந்தபோது அலெக்சாண்டர் ஹாமில்டன் இந்த லிசியாவை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அம்மா ஒரு படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினார்.

மாப்பிள்ளை சட்டத்தை மீறியது இங்கேதான். பதாராவுக்கு முன்பே ஸான்தோஸ் என்ற பலகையைப் பார்த்ததும் தங்கை வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள். காரணம், அவள் வார இறுதியில் பிள்ளைகளைப்போல் சுற்றித் திரியும் பிரிட்டிஷ் மியூசியத்தில் நெரெயிட் நினைவுச்சின்னம் என்று முழுக் கட்டடமே நிற்கிறது. 1840களில் சார்லஸ் ஃபெல்லோஸ் என்ற ஆங்கிலேயர் இங்கிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோனது. ஸான்தோஸில் இப்போது இருப்பது அதன் அடிமேடை மட்டும். "அங்க தலை, இங்க காலு" என்று மாப்பிள்ளை சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஸான்தோஸும் பக்கத்திலுள்ள லேதூனும் 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

கல்கன் தாண்டிக் காஷ் வரையிலான 27 கிலோமீட்டர்தான் இந்தப் பயணத்தின் உச்சம். பாறையை வெட்டிப் போட்ட சாலை, கீழே கடல். நடுவில் கப்புதாஷ்: இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு கடலைச் சேரும் இடத்தில் சின்னஞ்சிறு கரை. சாலையிலிருந்து ஏறத்தாழ 200 படி இறங்க வேண்டும். அதே 200ஐத் திரும்ப ஏறவும் வேண்டும் என்பதை இறங்கும் முன்பே அம்மா கணக்குப் போட்டுவிட்டார். பத்து மணிக்கு மேல் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சாலை ஓரத்திலேயே வரிசையாக நிறுத்துவதால் குழந்தைகளைக் கதவைத் திறக்க விடாதீர்கள்.

காஷில் ஏன் மூன்று இரவு என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள், போன பிறகு கேட்கவில்லை. ஊரில் மணல் கிடையாது. கூழாங்கல் கரைகளும் பாறைமேல் போட்ட பலகை மேடைகளும்தான். அங்கிருந்து ஏணி வழியாக நேரே ஆழத்தில் இறங்க வேண்டும். பேருந்துக் கூட்டங்கள் இதனாலேயே வருவதில்லை என்று நினைக்கிறேன், அதுதான் ஊரைக் காப்பாற்றுகிறது. கடைத்தெருவின் மேல்முனையில், வண்டி நிறுத்துவது போல் சாதாரணமாக, இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட கல் சவப்பெட்டி ஒன்று நிற்கிறது. அதன்மேல் பூனை. ஊரை ஒட்டி கடலைப் பார்த்தபடி பழைய அரங்கம் ஒன்று. சாயங்காலம் உள்ளூர்க்காரர்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சீட்டு கிடையாது.

எதிரே கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரிவது மேயிஸ் தீவு, கிரேக்கத்துக்குச் சொந்தம். படகில் இருபது, முப்பது நிமிடம். கரையில் டிக்கெட் விற்கும் ஆள் கூப்பிடுவார், ஆசையாகவும் இருக்கும். ஆனால் அது ஷெங்கன் மண், அதற்குத் தனி விசா வேண்டும். அப்படியே ஷெங்கன் விசா இருந்து போய்விட்டாலும், துருக்கி இ-விசா ஒரே நுழைவுதான். சாயங்காலம் திரும்பி வர இன்னொன்று எடுத்திருக்க வேண்டும். காஷில் பெட்டியை வைத்துவிட்டு மேயிஸில் மாட்டிக்கொள்வதைப் பற்றி யோசித்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

கெகோவாவுக்குக் காஷ் துறைமுகத்திலிருந்தே நாள் முழுக்கப் படகு உண்டு. எங்களில் இருவருக்குக் கடல் ஆகாது என்பதால் நான் வேறு வழி பார்த்தேன். காரில் உச்சாஸ் கிராமத்துக்குப் போய், அங்கிருந்து சின்னப் படகு ஒன்றைப் பேசி எடுத்தோம். தீவுகள் அரணாக இருப்பதால் அந்தக் காயலில் அலையே இல்லை. பழங்கால நிலநடுக்கங்களில் கரை சரிந்து ஊரின் ஒரு பகுதி நீருக்குள் போயிருக்கிறது. படகு மெதுவாகப் பாறையை ஒட்டிப் போகும்போது, மேலே பாதிச் சுவர், பாறையில் வெட்டிய படிக்கட்டு. அந்தப் படிகள் அப்படியே நீருக்குள் இறங்கி இன்னும் நாலைந்து படி பச்சையாகத் தெரிந்து மறைகின்றன. அங்கே நீந்தத் தடை. பிறகு வேறு வளைவில் நிறுத்திக் குதிக்க விடுவார்கள். எதிர்க்கரையில் கலேக்கோய் கிராமம், பழைய பெயர் சிமேனா. அங்கே கார் போகாது. மேலே கோட்டைக்குள் பாறையிலேயே குடைந்த குட்டி அரங்கம், கீழே முழங்கால் நீரில் தனியாக நிற்கும் ஒரு கல் சவப்பெட்டி. கோட்டைக்கு ஏறும் பாதையில் கைவேலைத் துணிகளும் வீட்டில் செய்த ஐஸ்கிரீமும் விற்கும் பெண்கள். என் மனைவி மேலே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது, ஏற்றம் காரணமல்ல.

சாப்பாடு. சைவம் சாப்பிடும் அம்மாவை வைத்துக்கொண்டு கபாப் நாட்டுக்கா என்று உறவில் எல்லோரும் கேட்டார்கள். உண்மையில் இந்தப் பயணத்தில் சுலபமாக முடிந்த விஷயமே அதுதான். காலைச் சாப்பாடு என்றால் மேசை கொள்ளாமல் சின்னச் சின்னத் தட்டுகள்: வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஆலிவ், தக்காளி, வெள்ளரி, தேன், நாலு வகை ஜாம், சுடச்சுட ரொட்டி. பத்து மணிக்கு அதைச் சாப்பிட்டால் மூன்று மணி வரை பசிக்காது, மதிய உணவுச் செலவும் மிச்சம். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த பீன்ஸ், கத்தரிக்காய், திராட்சை இலைச் சுருட்டல் எல்லாம் உணவகங்களில் கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கும், கைகாட்டினால் போதும். "எத் யோக், தாவுக் யோக், பாலிக் யோக்" என்று மகள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள்: கறி இல்லை, கோழி இல்லை, மீன் இல்லை. பருப்பு சூப்பில் மட்டும் ஜாக்கிரதை, சில இடங்களில் எலும்புச் சாற்றில் வைப்பார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். சோற்றிலும் அப்படித்தான்.

தெம்ரே போகும் வழியில் ஒரு கூரைக்கடை. அகலமான தாழ்ந்த மேசை முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்த ஒரு அம்மா, விரல் தடிமனே உள்ள நீளக் குச்சியால் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நம் குழவி மாதிரி முன்னும் பின்னும் உருட்டுவதில்லை. மாவைக் குச்சியில் சுற்றிக்கொண்டு, உள்ளங்கையை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தி, ஒரு தட்டு தட்டிப் பிரிக்கிறார். ஒவ்வொரு தடவையும் வட்டம் ஒரு சாண் கூடுகிறது. கீரையும் பாலாடைக்கட்டியும் தூவி, மடித்து, கவிழ்த்துப் போட்ட கடாய் போன்ற இரும்பில் போட்டார். கொஸ்லெமே. அம்மா எழுந்து போய் மாவைத் தொட்டுக் காட்டி, "மைதாவா, கோதுமையா?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த அம்மா துருக்கியில் நீளமாக ஏதோ பதில் சொன்னார். திரும்பி வந்த அம்மா, "மைதாதான், கொஞ்சம் உப்பு, வேற ஒண்ணும் போடலையாம்" என்றார். எப்படிப் புரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

விடுதிகளில் 'அபார்ட்' என்று போட்டிருந்தால் சமையலறை உண்டு என்று அர்த்தம். காஷில் அப்படி ஒன்றைப் பிடித்ததால் ராத்திரியில் தயிர் சாதம் நடந்தது. அங்கே தயிரை வாளியில் விற்கிறார்கள், கெட்டியென்றால் அப்படிக் கெட்டி. ஊறுகாய் மட்டும் மாம்பலத்திலிருந்து வந்தது.

காஷிலிருந்து சிராலி போகும் நாளில் தெம்ரேயில் மிராவின் பாறைக் கல்லறைகள், செயின்ட் நிக்கோலஸ் தேவாலயம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். உலகம் முழுக்கக் கிறிஸ்துமஸ் தாத்தாவாக மாறியவர் இந்த ஊர்ப் பிஷப்தான். எலும்புகளை 1087இல் பாரி நகரத்து மாலுமிகள் எடுத்துப்போய்விட்டார்கள். கல்லறைகளை மட்டும் பார்த்தோம். தெம்ரே சமவெளி முழுக்கப் பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள், தக்காளி. அழகில்லை, ஆனால் காலைத் தட்டில் வரும் தக்காளிக்கு ஊர் இதுதான். அதைத் தாண்டி ஃபினிகே வரை சாலை மறுபடி கடலோரப் பாறையில் ஒட்டிக்கொண்டு போகும். ஃபினிகேயில் ஆரஞ்சு. நிறுத்தாமல் போக முடியாது, நிறுத்துங்கள்.

சிராலியில் ராத்திரிக்கு ஒரு வேலை இருக்கிறது. ஊருக்கு மேலே யானர்தாஷ் என்ற சரிவில் பாறை இடுக்குகளிலிருந்து மீத்தேன் கசிந்து தானாக எரிகிறது, ஆயிரக்கணக்கான வருடங்களாக. கிரேக்கர்கள் கிமைரா என்ற நெருப்பு கக்கும் மிருகத்தைப் பற்றிக் கதை கட்டியது இதைப் பார்த்துத்தான் என்பார்கள். நுழைவாயிலிலிருந்து அரைமணி நேரம் கல்படி ஏற வேண்டும், இருட்டிய பிறகு போனால்தான் பார்க்க நன்றாக இருக்கும், டார்ச் கட்டாயம். இரண்டு வண்டி எடுத்ததன் பலன் இங்கே கிடைத்தது. அம்மாவும் மனைவியும் விடுதித் தோட்டத்து மாதுளை மரத்தடியில் இருந்துகொண்டார்கள், நாங்கள் நால்வரும் ஏறினோம். மேலே ஜெர்மன்காரர்கள் நெருப்பில் மார்ஷ்மெல்லோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை, "மச்சான், ஒரு அப்பளம் எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்றார்.

கடைசி நாள் அந்தால்யா. வழியில் பசெலிஸ்: பைன் மரங்களுக்கு நடுவே மூன்று குட்டித் துறைமுகங்கள், இடிபாடுகளுக்கு இடையே குளியல், சாப்பாட்டை நாமே கட்டிக்கொண்டு போகலாம். அந்தால்யா பெரிய நகரம், போக்குவரத்தும் அதற்கேற்றபடி. பழைய ஊரான கலேய்ச்சிக்குள் தங்கினால் கார் பாரம்தான். சந்துகள் குறுகல், நிறுத்தவும் வழியில்லை. ஆகவே பசெலிஸிலிருந்து நேராக விமான நிலையத்துக்கே போய், டேங்கை நிரப்பி, காலி வண்டியை மறுபடி வீடியோ எடுத்து, இரண்டு கார்களையும் ஒப்படைத்துவிட்டோம். அங்கிருந்து ஊருக்குள் டிராம் போகிறது, மறுநாள் அதிலேயே திரும்பியும் வரலாம். ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

உங்களுக்கு இன்னொரு நாள் இருந்தால் மட்டும் காரை வைத்துக்கொள்ளுங்கள், டெர்மெசோஸ் போகலாம். கி.மு. 333இல் அலெக்சாண்டர் வந்து பார்த்துவிட்டு, பிடிக்க முடியாமல் விட்டுப்போன மலைநகரம். அந்தால்யாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். நாங்கள் போகவில்லை. ஒரு நாளுக்கு ஒரு பலகை. அன்றைய கணக்கு பசெலிஸோடு தீர்ந்திருந்தது.